கற்கண்டும் பாலித்தீன் கவரும்: லேசரை வைத்து உள்ளே பார்ப்பது எப்படி

குலசை தசரா முடிந்து பள்ளிக்கூடம் திறக்கிற அன்றைக்குப் பாதிப் பையன்களின் சட்டைப்பையில் லேசர் லைட் இருக்கும். திருவிழாக் கடையில் வாங்கியது. நாங்கள் அதைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டுவோம். போன வருஷம் அப்படிப் பிடுங்கும்போது எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், "மிஸ், செவுத்துல புள்ளி காட்டுறதத் தவிர இத வச்சு வேற என்னதான் செய்ய?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. ஒரு பீரியடில் பதில் சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

நான் பாளையங்கோட்டையில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். எம்.பில். படித்தபோது கரிமப் படிகங்கள் வளர்த்தேன். கண்ணாடிக் குவளையில் கரைசலை ஊற்றி, மேலே துளையிட்ட தாளைக் கட்டி, மெதுவாக ஆவியாக விட்டு, நாள்கணக்கில் காத்திருக்கும் வேலை. ஆனால் படிகம் வளர்வதை நான் முதலில் பார்த்தது ஆய்வகத்தில் இல்லை. அம்மா ஊர் உடன்குடிப் பக்கம். மாமா வீட்டில் பதநீர் காய்ச்சிப் பனங்கற்கண்டு எடுப்பார்கள். பாகை ஊற்றி, நூல் தொங்கவிட்டு, வாரக்கணக்கில் அசையாமல் வைத்திருப்பார்கள். நான் எட்டிப் பார்க்கப் போனால் மாமா சத்தம் போடுவார்: "ஏ பிள்ள, தொடாத. அது பாட்டுக்குக் கெடக்கட்டும்."

லேசர் ஒளியில் ஒரே நிறம், ஒரே திசை. ஒரே தள அதிர்வை மட்டும் விடும் தாளான போலராய்டு வழியாக அனுப்பினால் அதிர்வும் ஒரே தளத்தில் நிற்கும். இவ்வளவு ஒழுங்கான ஒன்றைப் பொருளுக்குள் அனுப்பி, வெளியே வரும்போது அதில் எது மாறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அந்த மாற்றத்திலிருந்து உள்ளே மூலக்கூறுகள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்று சொல்லிவிடலாம். கற்கண்டுக்கும் இதே வழிதான், மளிகைக்கடைக் கவருக்கும் இதே வழிதான்.

கண்

எதைச் செய்வதற்கு முன்பும் இதைப் படித்துவிடுங்கள். 1 மில்லிவாட்டுக்குள் இருக்கும் லேசர் 2-ஆம் வகுப்பு. தெரியாமல் கண்ணில் பட்டாலும் இமை தானாக மூடிக் காப்பாற்றும். 5 மில்லிவாட் வரை 3ஆர் வகுப்பு. அதில் இமையை நம்ப முடியாது. திருவிழாக் கடை லேசரின் ஸ்டிக்கரில் என்ன போட்டிருந்தாலும் அதை 3ஆர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நான் இங்கே சொல்லும் எல்லா வேலைக்கும் 650 நானோமீட்டர் சிவப்பு லேசர் போதும்.

பச்சை லேசர் வேண்டாம். அதற்குள் 808 நானோமீட்டர் அகச்சிவப்பு டையோடு ஒன்று இருக்கிறது. அது ஒரு படிகத்தைத் தூண்டி 1064 நானோமீட்டர் ஒளியை உண்டாக்கும். இன்னொரு படிகம் அதைச் சரிபாதி அலைநீளமாக்கி 532 நானோமீட்டர் பச்சையாக்கும். விலை மலிவானவற்றில் மிச்ச அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி பல சமயம் இருக்காது. கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கு இமை மூடாது.

அப்புறம், நம் வீடுகளில் ஒரு தனி ஆபத்து உண்டு: எவர்சில்வர். அடுக்களை அலமாரி முழுக்கக் கண்ணாடி மாதிரி மினுங்கும் பாத்திரம். லேசரை அந்தப் பக்கம் திருப்பவே கூடாது. வெள்ளையடித்த வெறும் சுவரைப் பார்த்து மேசையைப் போடுங்கள். வளையல், மோதிரம், கைக்கடிகாரத்தைக் கழற்றி வையுங்கள். உட்கார்ந்திருப்பவர் கண் மட்டத்தில் கதிர் போகக் கூடாது, நின்றுகொண்டு செய்யுங்கள். செல்போன் கேமராவுக்குள்ளும் அடிக்காதீர்கள், சென்சார் போய்விடும்.

ஒரு செத்த கால்குலேட்டர்

பழைய சோலார் கால்குலேட்டர் ஒன்று வேண்டும். எண் தெரியும் கண்ணாடியின் மேல் ஒட்டியிருக்கும் சாம்பல் நிறத் தாள்தான் போலராய்டு. பிளேடால் ஓரத்தை நெம்பி மெதுவாக உரித்தால் வந்துவிடும். பின்னால் ஒட்டிய பசையை மண்ணெண்ணெய் தொட்ட பஞ்சால் துடைக்கலாம். அதே கால்குலேட்டரின் சோலார் செல்தான் நமக்கு ஒளிமானி. இரண்டு வயர் பற்றவைத்து மல்டிமீட்டரில் மைக்ரோஆம்பியர் பக்கம் போட்டால் ஒளிக்கு ஏற்ற எண் காட்டும். மின்னழுத்தத்தை அளக்காதீர்கள், அது ஒளியோடு நேர் விகிதத்தில் ஏறாது. மின்னோட்டம் ஏறும்.

பெரிய போலராய்டு வேண்டுமென்றால் உடைந்த லேப்டாப் திரை. ஜங்ஷன் பக்கம் பழுது பார்க்கும் கடையில் கேட்டால் சும்மாவே தருவார்கள். சினிமா 3டி கண்ணாடி சரிவராது. அதில் போலராய்டோடு இன்னொரு படலமும் ஒட்டியிருக்கும், கணக்கைக் குழப்பிவிடும்.

டையோடு லேசரின் ஒளி பெரும்பாலும் முன்பே ஒரே தளத்தில்தான் அதிர்கிறது. போலராய்டை முன்னால் பிடித்து லேசரைச் சுற்றினால் புள்ளி பிரகாசமாகி, மங்கி, மறுபடி பிரகாசமாகும். எங்கே மிகப் பிரகாசமோ அங்கே லேசரைக் கட்டிவிடுங்கள். பொத்தானை அழுத்தியே வைக்கத் துணி மாட்டும் கிளிப் போதும்.

தூத்துக்குடி உப்பு, உடன்குடிக் கற்கண்டு

இரண்டு போலராய்டுத் துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக, அவற்றின் திசைகள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருக்கும்படி, குறுக்காக வையுங்கள். புள்ளி ஏறக்குறைய அணைந்துவிடும். நடுவில் உள்ள இடம்தான் நம் சோதனைச் சாலை.

அதில் ஓர் உப்புக் கல்லை வையுங்கள். தூத்துக்குடி உப்பளத்துக் கல்லுப்பில் உள்ளே உப்புத் தண்ணீர் சிறைப்பட்டு வெள்ளையாக இருக்கும். தேடி, தெளிவான சின்னக் கல்லாக எடுங்கள். எப்படித் திருப்பினாலும் இருட்டு இருட்டாகவே இருக்கும். இப்போது பனங்கற்கண்டு. உடனே சுவரில் ஒளி வந்துவிடும். கற்கண்டை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் நான்கு தடவை அணைந்து நான்கு தடவை எரியும், சரியாக 90 டிகிரிக்கு ஒரு தடவை.

உப்பு கனசதுர அடுக்கு, ஒளிக்கு எந்தப் பக்கமும் ஒன்றுபோல. சர்க்கரைப் படிகம் அப்படியில்லை. அது ஒருசரிவு வகை, மூன்று திசைக்கு மூன்று ஒளிவிலகல் எண்: 1.538, 1.565, 1.571. உள்ளே போன அதிர்வு இரண்டாகப் பிரிந்து, ஒன்று முந்த ஒன்று பிந்த, வெளியே வரும்போது தளம் கலைந்துவிடுகிறது. இரண்டாவது போலராய்டால் அதை முழுதாகத் தடுக்க முடிவதில்லை.

கற்கண்டின் மேற்பரப்பு கரடுமுரடாக இருப்பதால் ஒளி சிதறும். ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் கிராம்புத் தைலம் ஊற்றி அதற்குள் போடுங்கள். தைலத்தின் ஒளிவிலகல் எண் 1.53 பக்கம், சர்க்கரைக்கு நெருக்கம், அதனால் கரடு மறைந்துவிடும். அதில் உப்புக் கல்லைப் போட்டால் கல்லே கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் போய்விடும். பிளாஸ்டிக் கிண்ணம் வேண்டாம், கிராம்புத் தைலம் சில பிளாஸ்டிக்கைக் கரைக்கும். தைலம் இல்லையென்றால் விளக்கெண்ணெய், அவ்வளவு நன்றாக இருக்காது.

ஒரு எச்சரிக்கை. ஒரே நிற ஒளி என்பதால், பிரிந்த இரண்டு அதிர்வுகளும் தற்செயலாக முழு அலைநீளக் கணக்கில் முந்திப் பிந்தினால், கற்கண்டின் அந்த இடமும் இருட்டாகவே தெரியும். "இது உப்பு மாதிரிதான்" என்று எழுதிவிடாதீர்கள். ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் பாருங்கள்.

கரைத்த பிறகும் திருப்பும்

கற்கண்டைக் கரைத்துவிட்டால் அடுக்கு போய்விடும். ஆனாலும் கரைசல் ஒளியின் அதிர்வுத் தளத்தைத் திருப்பிக்கொண்டே இருக்கும். சர்க்கரை மூலக்கூறுக்கே வலது கை, இடது கை போல ஒரு பக்கம் இருப்பதால் வருவது இது. 1815 வாக்கில் பிரான்சில் பியோ என்பவர் இதைத் திரவங்களில் கண்டார். இதை அளப்பதுதான் நான் மாணவர்களுக்கு முதலில் கொடுக்கும் வேலை, ஏனென்றால் எண்ணாகப் பதில் வரும்.

ஒரு அட்டைப் பெட்டியின் மேல்பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குத் துளை போடுங்கள். அதன் மேல் அடி தட்டையான கண்ணாடித் தம்ளர். பெட்டிக்குள், துளைக்கு நேர் கீழே, பழைய சிடி ஒன்றை விளிம்பு மட்டும் பெட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி படுக்க வையுங்கள். சிடியின் நடு ஓட்டையில் போலராய்டை ஒட்டி, விளிம்பில் 360 டிகிரி அளவுகோலைத் தாளில் வரைந்து ஒட்டினால், விரலால் உருட்டியே கோணம் படிக்கலாம். அதற்குக் கீழே பெட்டித் தரையில் சோலார் செல். தம்ளருக்கு மேலே, நேர் கீழ்நோக்கி லேசர், அதன் வாயில் முதல் போலராய்டு. கதிர் கீழ்நோக்கிப் போவதால் யார் கண்ணிலும் படாது.

காலித் தம்ளரோடு ஒரு தடவை சோதியுங்கள். சில தம்ளர்களில் கண்ணாடி இறுகும்போது உண்டான இழுவிசை உள்ளே தங்கியிருக்கும், போலராய்டைக் குறுக்காக்கினாலும் இருள் முழுமையாக வராது. அதை ஒதுக்கிவிட்டு வேறு எடுங்கள். பிளாஸ்டிக் தம்ளர் எப்போதுமே இப்படித்தான்.

முதலில் வெள்ளைச் சீனியில் ஆரம்பியுங்கள். 20 கிராம் சீனியைக் கரைத்து, மொத்தம் 100 மில்லி ஆக்குங்கள். 100 மில்லித் தண்ணீரில் 20 கிராமைப் போடுவது வேறு, அது 100 மில்லியைத் தாண்டிவிடும். தம்ளரில் சரியாக 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஊற்றுங்கள். தம்ளர் அகலமாக இருந்து 100 மில்லி போதாவிட்டால், இதே விகிதத்தில் கூடுதலாகக் கரைத்துக்கொள்ளுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், மேற்பரப்பு ஆடினால் புள்ளியும் ஆடும்.

இருள் எந்தக் கோணத்தில் என்று நேராகத் தேடாதீர்கள். அந்த இடத்தில் மீட்டர் சில டிகிரிக்கு அசையவே அசையாது. அதற்குப் பதில், இருளுக்கு இந்தப் பக்கம் மீட்டர் 10 காட்டும் கோணத்தையும், அந்தப் பக்கம் அதே 10 காட்டும் கோணத்தையும் எடுத்து நடுவைக் கண்டுபிடியுங்கள். தண்ணீருக்கு ஒரு தடவை, கரைசலுக்கு ஒரு தடவை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் விடை.

புத்தகத்தில் சுக்ரோசின் சுழற்சித் திறன் 66.5 என்று இருக்கும். அது சோடியம் விளக்கின் 589 நானோமீட்டர் மஞ்சளுக்கு. சிவப்பு ஒளி குறைவாகத்தான் திரும்பும், 650 நானோமீட்டருக்கு 54 பக்கம். மில்லிக்கு 0.2 கிராம் உள்ள இந்தக் கரைசலில், 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு, 54 பெருக்கல் 0.2, அதாவது 11 டிகிரிக்குச் சற்றுக் குறைய வர வேண்டும். மாணவர்கள் 13.3 வரவில்லையே என்று அளவை அடித்துத் திருத்துவதை நான் பார்த்திருக்கிறேன். அளவு சரியாகத்தான் இருக்கும், ஒப்பிட்ட எண்தான் தவறு. 10, 20, 30, 40 கிராம் என்று நான்கு கரைசல் செய்து வரைபடம் போட்டால் நேர்கோடு வரும். அதற்குப் பிறகு தெரியாத கரைசலை எடுத்து எவ்வளவு சர்க்கரை என்று சொல்லலாம்.

திசையில் கவனம். சுக்ரோஸ் வலப்பக்கம் திருப்பும் என்பது, ஒளி வரும் பக்கத்தைப் பார்த்து நிற்பவருக்கு. நம் அமைப்பில் ஒளி கீழே போகிறது, நாம் மேலிருந்து பார்க்கிறோம். அதனால் நமக்கு இடப்பக்கமாகத் திரும்புவது போல்தான் தெரியும். முதல் தடவை எனக்கு இது பிடிபட ஒரு சாயங்காலம் ஆனது.

பனங்கற்கண்டுக் கரைசல் பழுப்பாக இருக்கும், பஞ்சில் இரண்டு தடவை வடிகட்டுங்கள். பழுப்பு நிறம் நீல, பச்சை ஒளியைத்தான் அதிகம் விழுங்கும், சிவப்பை விட்டுவிடும். நமக்கு அதுவும் சௌகரியம்.

இனி நான் மிகவும் நேசிக்கும் பகுதி. 40 கிராம் கரைசலில் ஒரு தேக்கரண்டி எலுமிச்சை உப்பு போட்டு, மூடி, கொதிக்காத சுடுதண்ணீருக்குள் இரண்டு மணி நேரம் வையுங்கள். ஆறியபின் ஆவியான தண்ணீரை ஈடுகட்டி அதே அளவுக்குக் கொண்டுவந்து அளந்து பாருங்கள். வலப்பக்கம் திருப்பியது இப்போது சில டிகிரி இடப்பக்கம் திருப்பும். அமிலம் சுக்ரோசைக் குளுக்கோசாகவும் ஃபிரக்டோசாகவும் உடைத்துவிட்டது. குளுக்கோஸ் வலப்பக்கம் இழுத்தாலும் ஃபிரக்டோஸ் அதைவிட வலுவாக இடப்பக்கம் இழுக்கிறது.

பதநீர்க் கலயத்துக்குள் ஏன் சுண்ணாம்பு தடவுகிறார்கள் என்று சின்ன வயதில் மாமாவிடம் கேட்டிருக்கிறேன். "இல்லன்னா கள்ளாயிரும், பாகு கல்லு கட்டாது" என்றார். உடைந்த சர்க்கரை கலந்த பாகில் படிகம் வளராது. சுண்ணாம்பு புளிப்பையும் நொதிப்பையும் தடுத்துச் சுக்ரோசைக் காப்பாற்றுகிறது. மாமா சொன்ன 'கல்லு கட்டாது' என்பதை நான் ஒரு சிடியில் டிகிரியாகப் படித்த அன்று, உடனே அவருக்குப் போன் பண்ணினேன்.

கருப்பட்டியில் சீனி கலந்திருக்கிறதா என்று இதைக் கொண்டு சொல்ல முடியுமா? ஊரில் எல்லாரும் கேட்கும் கேள்வி. முடியாது. பனையில் இருப்பதும் சுக்ரோஸ், கரும்பில் இருப்பதும் சுக்ரோஸ், லேசருக்கு இரண்டும் ஒன்று. பனையும் கரும்பும் காற்றிலிருந்து கார்பனை எடுக்கும் வழி வேறு வேறு என்பதால், கார்பன்-13 அளவை நிறைநிறமாலைமானியில் அளந்தால் பிரிக்கலாம். யாராவது சிவப்பு லைட் அடித்துக் கலப்படம் காட்டுகிறேன் என்றால் நம்பாதீர்கள்.

கவருக்குள் நாலு இதழ்ப் பூ

பாலிமருக்கு வருவோம். மளிகைக் கடையில் பருப்பு கட்டித் தரும் தெளிவான கவர்களை எடுங்கள். கசக்கினால் சரசரவென்று சத்தம் போடுவது பாலிப்ரொப்பிலீன். சத்தமில்லாமல், இழுத்தால் நீள்வது பாலித்தீன். நமக்கு வேண்டியது சத்தமில்லாதது, அச்சு இல்லாத பகுதி.

அதில் இரண்டு சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டி, போலராய்டு எதுவும் இல்லாமல் லேசரை அதன் வழியே சுவரில் விடுங்கள். புள்ளியைச் சுற்றி மங்கலான வட்டம் தெரியும். இப்போது பட்டையை மெதுவாக இழுங்கள். நடுவில் இடுப்பு போல ஒடுங்கும். அந்த ஒடுங்கிய இடத்தில் லேசரை விட்டால் வட்டம் கோடாகிவிடும். மேலும் கீழுமாக இழுத்திருந்தால் கோடு குறுக்கே படுத்திருக்கும். உள்ளே சங்கிலி மூலக்கூறுகள் நீண்டு, நார் நாராக இழுத்த திசையில் அணிவகுத்துவிட்டன. தலைமுடியை லேசருக்குக் குறுக்கே பிடித்தால் முடிக்குச் செங்குத்தாகக் கோடு வருமே, அதேதான். ஒரு முடிக்குப் பதில் இங்கே கோடானுகோடி நார்கள்.

அடுத்ததற்கு அடுப்பு வேண்டும். சமையலுக்குத் திரும்ப எடுக்காத பழைய இரும்புத் தோசைக்கல், இரண்டு நுண்ணோக்கிக் கண்ணாடித் தகடுகள். பாலித்தீன் மட்டும்தான். வயர் உறை, ஃபிளெக்ஸ் பேனர் போன்ற பிவிசி எதையும் சூடாக்காதீர்கள், ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகை வரும். பாலித்தீனாக இருந்தாலும் ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். புகை வந்தால் சூடு அதிகம் என்று அர்த்தம்.

ஒரு சென்டிமீட்டர் சதுரத் துண்டு, ஒரே அடுக்கு, தகடுகளுக்கு நடுவில். அடுப்பு சிம்மில். 110 டிகிரியைத் தாண்டியதும் மங்கலான கவர் கண்ணாடி போலத் தெளியும், உருகிவிட்டது. மரக்கட்டையால் மெதுவாக அழுத்திக் குமிழிகளை ஓரத்துக்குத் தள்ளுங்கள். இன்னும் இரண்டு நிமிஷம் அப்படியே விடுங்கள், பழைய அடுக்கு முழுதாக அழிய வேண்டும். இப்படி மூன்று மாதிரி செய்யுங்கள். ஒன்றை இடுக்கியால் எடுத்துக் குளிர்ந்த கனமான பித்தளைத் தட்டில் வையுங்கள். ஒன்றை மரப்பலகையில். மூன்றாவதைத் தோசைக்கல்லிலேயே விட்டு, அடுப்பை அணைத்து, ஒரு பாத்திரத்தால் மூடி, கல் தானாக ஆறும்வரை தொடாதீர்கள். தண்ணீரில் போட வேண்டாம். நான் ஒரு தடவை போட்டேன், தகடு வெடித்து ஒரு சில்லு உள்ளங்கையில் ஏறியது.

லேசர், போலராய்டு, மாதிரி, குறுக்கான போலராய்டு, அதற்கப்பால் ட்ரேசிங் பேப்பர். மாதிரியிலிருந்து பேப்பர் 20 சென்டிமீட்டர். நடுவில் கதிர் விழும் இடத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பில் ஒரு பொட்டு ஒட்டிவிடுங்கள். விளக்கை அணைத்து, கண் இருட்டுக்குப் பழகும்வரை இரண்டு நிமிஷம் பொறுங்கள்.

பேப்பரில் நான்கு இதழ் விரிந்திருக்கும். போலராய்டுகளின் திசைக்கு 45 டிகிரி சாய்வில், நான்கு மூலைக்கும் ஒன்றாக. இரண்டு போலராய்டையும் சேர்த்துத் திருப்பினால் பூவும் கூடவே திரும்பும். என் மாணவிகள் முதல் தடவை பார்த்தபோது யாரும் பேசவில்லை. அப்புறம் ஒருத்தி, "கவருக்குள்ளயா மிஸ் இது இருந்துச்சு?" என்று கேட்டாள்.

உருகிய பாலித்தீன் இறுகும்போது ஒரு புள்ளியில் ஆரம்பித்து எல்லாப் பக்கமும் ஆரம் ஆரமாகப் படிகம் வளரும். அந்த உருண்டைக்கு ஸ்பெருலைட் என்று பெயர். அதில் ஒளிவிலகல் எண் ஆரத்தின் வழியே ஒன்று, குறுக்கே வேறொன்று. நாலு இதழ் வருவது அதனால்தான். ஸ்டீன், ரோட்ஸ் என்ற இருவர் பாலித்தீன் படலத்தில் இதைப் படம் பிடித்து வெளியிட்டது 1960-ல், முதல் லேசர் ஒளிர்ந்த அதே வருஷத்தில். நம் கையில் நூறு ரூபாய் லேசர் இருக்கிறது.

கணக்கு எளிது. நடுப் பொட்டிலிருந்து இதழின் மிகப் பிரகாசமான இடம் எவ்வளவு தூரம் என்று அளந்து, அதை 20-ஆல் வகுத்தால் கோணத்தின் டேன்ஜென்ட். அந்தக் கோணத்தில் பாதியின் சைனை எடுங்கள். 0.326-ஐ அலைநீளத்தால் பெருக்கி, அந்தச் சைனால் வகுத்தால் ஸ்பெருலைட்டின் ஆரம். உதாரணமாக, தூரம் 2.5 சென்டிமீட்டர் என்றால் கோணம் 7.1 டிகிரி, பாதியின் சைன் 0.062. 0.326 பெருக்கல் 0.65 மைக்ரான் வகுத்தல் 0.062, அதாவது 3.4 மைக்ரான். நுண்ணோக்கியே இல்லாமல் இதை அளந்துவிட்டோம்.

இதழ் மையத்தை ஒருவர் மட்டும் குறிக்காதீர்கள். மூன்று பேர் தனித்தனியாகக் குறித்துச் சராசரி எடுங்கள், கண்ணுக்குக் கண் வேறுபடும். பூ கலங்கித் தெரிந்தால் மாதிரி தடிமனாகிவிட்டது, ஒளி உள்ளேயே பல தடவை சிதறுகிறது. மெல்லியதாக மறுபடி செய்யுங்கள்.

இப்போது மூன்று மாதிரிகளையும் அடுத்தடுத்து வையுங்கள். பித்தளைத் தட்டில் சட்டென்று ஆறியது பெரிய பூ, அதாவது சின்ன உருண்டைகள். தோசைக்கல்லில் மூடி வைத்தது சின்னப் பூ, பெரிய உருண்டைகள். மாமா ஏன் சத்தம் போட்டார் என்பதற்கு இதிலும் பதில் இருக்கிறது. பாகைக் கிண்டி அச்சில் ஊற்றினால் பொடிப் படிகமாக இறுகிக் கருப்பட்டி. அசையாமல் வைத்தால் சில விதைகளில் மட்டும் வளர்ந்து கற்கண்டு. பாலித்தீனிலும் சட்டென்று ஆறினால் ஏகப்பட்ட இடத்தில் ஒரே நேரத்தில் ஆரம்பித்து எதுவும் பெரிதாகாது.

நாட்டு மருந்துக் கடையில் ஓம உப்பு வாங்கினால் இன்னொரு நல்ல காட்சி உண்டு. தைமால்தான் அது, 50 டிகிரியில் உருகும். இரண்டு தகட்டுக்கு நடுவில் ஒரு சிட்டிகை வைத்துச் சுடுதண்ணீர்த் தம்ளரின் மேல் வைத்தால் போதும். குறுக்குப் போலராய்டுக்கு நடுவில் ஆற விட்டால், இருட்டாக இருந்த இடத்தில் படிகம் ஊர்ந்து வருவது தெரியும். சில சமயம் ஆறியும் இறுகாமல் அடம் பிடிக்கும். ஓரத்தில் ஒரு துகள் ஓம உப்பைத் தொட்டு வையுங்கள், உடனே ஓடும். கையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், எரியும்.

கல்லூரிக்குப் போகும்போது

வீட்டில் முடியாதவை இரண்டு. ஒன்று, படிகம் லேசரின் அலைநீளத்தைப் பாதியாக்குகிறதா என்று பார்ப்பது. 1961-ல் ஃபிராங்கனின் குழு மாணிக்க லேசரைக் குவார்ட்ஸில் விட்டு முதலில் கண்டது இது. இன்று படிகத்தைப் பொடியாக்கி, 1064 நானோமீட்டர் துடிப்பு லேசரை விட்டுப் பச்சை வருகிறதா என்று பார்ப்பார்கள். நடுப்புள்ளிக்கு இரு பக்கமும் ஒன்றுபோல இருக்கும் அடுக்கில், அதாவது நடுச் சமச்சீர் உள்ள படிகத்தில், பச்சை வராது. வலது இடது பேதமுள்ள மூலக்கூறு ஒரே வகையாக அடுக்கிய படிகத்தில் அந்தச் சமச்சீர் இருக்க முடியாது, ஆகவே பச்சைக்கு வழி உண்டு. கரைசலில் ஒளியைத் திருப்பிய அதே குணம்தான் இங்கே வேறு வேஷத்தில் வருகிறது. கற்கண்டும் பச்சை காட்டும்.

மாதிரி கொடுக்கும்போது, ஒப்பிடும் யூரியாவையும் உங்கள் பொடியையும் ஒரே சல்லடையில் சலித்துக் கொடுங்கள். துகள் அளவு மாறினால் விடை மாறும். என் எம்.பில். மாதிரிக்கு வெளியூர் ஆய்வகம் ஒன்றிலிருந்து, யூரியாவைப் போல் இத்தனை மடங்கு என்று ஒரே வரியில் ஒரு எண் வந்தது. துகள் அளவைக் கேட்டுக் கடிதம் எழுதினேன், பதில் இல்லை. அந்த எண்ணை ஆய்வேட்டில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. லேசர் ஆற்றலை இரட்டிப்பாக்கினால் பச்சை நான்கு மடங்காக வேண்டும். அப்படி ஆகிறதா என்று பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

இன்னொன்று ராமன் நிறமாலை: லேசர் பட்டுச் சிதறும் ஒளியில், மூலக்கூறுக்கு மூலக்கூறு வேறுபடும் கோடுகளைப் பார்ப்பது. 1928-ல் ராமனோடு சேர்ந்து அந்த விளைவைக் கண்ட கே.எஸ். கிருஷ்ணன் நமக்கு வடக்கே வத்திராயிருப்பில் பிறந்தவர். பின்னால் நாஃப்தலீன், ஆந்த்ரசீன் போன்ற கரிமப் படிகங்களைக் காந்தப்புலத்தில் தொங்கவிட்டு, உள்ளே மூலக்கூறு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கணக்கிட்டார். லேசர் இல்லாத காலம் அது. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் நான் இந்தப் பாடத்தை முடிப்பதில்லை.

ராமன் கருவி இருக்கும் துறைக்குப் போனால், கருப்பட்டி, பனங்கற்கண்டு போன்ற பழுப்பு மாதிரிக்கு 785 நானோமீட்டர் லேசர் கேளுங்கள். 532-ல் வைத்தால் நிறப்பொருள் ஒளிர்ந்து, கோடுகளை மூழ்கடித்துவிடும். லேசர் திறனைக் குறைவில் ஆரம்பியுங்கள், பழுப்பு மாதிரி கருகும். முதலில் பாலிஸ்டைரீன் துண்டை வைத்து 1001 செ.மீ.⁻¹ (ராமன் கோடுகளின் இடத்தைச் சொல்லும் அலகு) என்ற கோடு சரியான இடத்தில் விழுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உங்கள் மாதிரி. பொடியைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுபோகாதீர்கள், நார் ஒட்டிக்கொள்ளும். சின்னக் கண்ணாடிக் குப்பி நல்லது. குப்பி இல்லாமல் பாலித்தீன் கவரில்தான் கொண்டுபோய், கவரோடு அளக்க நேர்ந்தால், 1062, 1129, 1295 ஆகிய இடங்களில் கவரின் கோடுகளும் சேர்ந்து வரும். வெறும் கவரைத் தனியாக ஒரு தடவை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எது கவர், எது கற்கண்டு என்று பிரித்துவிடலாம்.